சொந்தப் பாட்டு இரண்டு: சில குறிப்புகள்

2003, 2006, 2010, 2015. ஸ்டிக்மாட்டா என்ற கொழும்பு மெட்டல் குழுவின் நான்கு அல்பங்கள் வெளிவந்த ஆண்டுகள். இடைவெளியைக் கவனியுங்கள்: மூன்று, நான்கு, ஐந்து. வயது ஏற ஏற அவசரம் குறைந்திருக்கிறது.

முதல் அல்பம் 'ஹொலோ ட்ரீம்ஸ்' வந்தபோது நாட்டில் போர்நிறுத்தம். வடக்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்தது. 'சைலன்ட் கேயொஸ் சேர்பன்டைன்' வந்த ஆண்டில் சண்டை மறுபடி மூண்டது, பாதை மூடிக்கொண்டது. 'சாம்ஸ் ஒஃப் கொன்ஷியஸ் மார்டர்டம்' போர் முடிந்ததற்கு மறு ஆண்டு. நான்காவது 'த அசெட்டிக் பாரடொக்ஸ்'. இரவு நிகழ்ச்சி என்றாலே சோதனைச் சாவடியைக் கணக்கில் எடுக்கவேண்டிய ஊரில், 1990களின் இறுதியில் தொடங்கிய ஒரு குழு இத்தனை ஆண்டு கலையாமல் இருந்ததே பெரிய காரியம். பாடகர் சுரேஷ் டி சில்வா, கிட்டார் டெனிசன் நெப்போலியன். இந்த இரண்டு பெயர்களும் நிலைத்தன. பேஸ், ட்ரம்ஸ் இருக்கைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

நான்கையும் வரிசையாகக் கேட்டால் வளர்ச்சி தெரிகிறது. தொடக்கத்தில் வேகம்தான் பலம். போகப்போகப் பாட்டுகள் நீள்கின்றன, நடுவழியில் திசை மாறுகின்றன, அமைதியான பகுதிக்கு இடம் விடுகின்றன. வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்து வந்த மாற்றமாக அது கேட்கவில்லை. கொழும்பு மேடைகளிலும் மாலைதீவு போன்ற அயல்நாட்டு மேடைகளிலும் வாசித்து வாசித்து, எந்த இடத்தில் கூட்டம் கூடவே வருகிறது, எந்த இடத்தில் கைபேசியை எடுக்கிறது என்று பார்த்தவர்களுக்கே இந்த நிதானம் வரும்.

✻

இப்படி நீண்டு திசை மாறும் புரோகிரசிவ் மெட்டல் என்றால் என்ன என்று ஹட்டனில் ஒரு ஓகன் வாசிப்பவர் கேட்டார். (கீபோர்டை இங்கே இன்னும் ஓகன் என்றுதான் சொல்கிறோம்.) நான் சொன்னது இது. மெட்டலின் கனமான கிட்டாரும் இரட்டை மிதி ட்ரம்ஸும் இருக்கும். ஆனால் பாட்டு நான்கு நான்காக நடக்கும் என்று காது காத்திருக்கும் இடத்தில் அது ஏழில் நடக்கும், ஐந்தில் திரும்பும். பல்லவி திரும்பி வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. பத்து நிமிடப் பாட்டு சாதாரணம். இருபதைத் தாண்டியதும் உண்டு.

அவர் அசரவில்லை. "ஏழுன்னா தகிட தகதிமி தானே அண்ணே, நம்ம கோயில் தவில்காரர் தொடையிலயே தட்டுவாரே" என்றார். சரிதான். மிச்ரசாபும் கண்டசாபும் நம் தேரடியில் கேட்டுப் பழகியவை. கணக்கு நமக்கு அந்நியம் இல்லை. ஒலிபெருக்கியின் உறுமலும் பாடகரின் தொண்டைக் கிழிசலும்தான் அந்நியம். அதற்குப் பழக ஒரு மாதம் போதும்.

✻

ட்ரீம் தியேட்டர் என்ற புரோகிரசிவ் மெட்டல் குழுவின் கதை, இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டியது.

1985இல் பொஸ்டன் பேர்க்லி இசைக் கல்லூரியில் மூன்று மாணவர்கள் கூடினார்கள்: ஜோன் பெட்ரூச்சி, ஜோன் மியுங், மைக் போர்ட்னோய். 1989இல் முதல் அல்பம். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுவனம் சுற்றுப்பயணத்துக்குக் காசு போடவில்லை. ஊருக்குப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்ச்சிகளோடு அந்த அல்பம் அடங்கிப்போனது. பாடகர் சார்லி டொமினிசியைக் குழு விலக்கியது. புதுப் பாடகரைத் தேடவே ஆண்டுகள் கரைந்தன. 1991இல்தான் கனடாக்காரரான ஜேம்ஸ் லாப்ரி வந்து சேர்ந்தார். 1992இல் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'. இம்முறை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று ஊர் ஊராகப் போனார்கள். 1993இல் லண்டன் மார்க்கீ மண்டபத்தில் வாசித்ததையே தனி வெளியீடாகப் போடும் அளவுக்குக் கை தேறியிருந்தது.

இன்னொரு தகவல் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 'ஏ சேஞ்ச் ஒஃப் சீசன்ஸ்' என்ற பாட்டை 1989இலேயே எழுதிவிட்டார்கள். 1992 அல்பத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. மேடையில் வாசித்தார்கள், மாற்றினார்கள், மறுபடி வாசித்தார்கள். 1995இல் ஒலிப்பதிவாக வந்தபோது அது 23 நிமிடம். ஆறு ஆண்டு அது அலமாரியில் கிடக்கவில்லை, ரோட்டில் இருந்தது.

ஐந்து பேர் ஏழாம் எண்ணிக்கையில் ஒன்றாகத் திரும்பவேண்டும், அதுவும் மேடையில் ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குச் சரியாகக் கேட்காத நிலையில். தாளில் எழுதி வைத்தால் ஆகாது. உடம்புக்குள் இறங்கவேண்டும். ஒரே பாட்டை நாற்பது ஊரில் வாசித்தால் இறங்கும்.

✻

மலையகத்தில் நம்முடைய ரோடு ஏ7. அவிசாவளையில் பிரிந்து, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா. கொழும்பிலிருந்து வருகிற இசைக்குழுவின் லொறி கினிகத்தேனை ஏற்றத்தில் முதல் கியரில் முனகும். வட்டவளையில் மழை வரவேற்கும். அதற்கு மேலே பனிமூட்டம்.

குளிரும் ஈரமும் வாத்தியத்தை என்ன செய்யும் என்று கேட்டால் இங்குள்ளவர்கள் ஒரு பட்டியலே சொல்வார்கள். கிட்டார் கழுத்து வளையும், கம்பி துருப்பிடிக்கும். மாலையில் சுருதி சேர்த்து வைத்தால் இரவு பத்து மணிக்குக் கலைந்திருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அம்ப்ளிஃபயர் கருகும். தப்பு வாசிப்பவர் மட்டும் கவலைப்படமாட்டார்: நாலு சுள்ளியும் கொஞ்சம் வைக்கோலும் இருந்தால் தோலைச் சூடு காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சுருதிக்குக் கொண்டுவந்துவிடுவார். இந்த மலைக்கு ஏற்ற வாத்தியத்தை நம் முன்னோர் யோசித்துத்தான் கொண்டுவந்தார்களோ என்று தோன்றும். யோசித்தெல்லாம் இல்லை, கையில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள்.

✻

ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலம். கிரகறி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. ஹோட்டல்களில் கொழும்புக் குழுக்கள் வாசிக்கும். நம் பையன்கள் ஸ்பீக்கர் பெட்டி இறக்குவார்கள், வாகனத்துக்கு இடம் காட்டுவார்கள், சமையலறையில் நிற்பார்கள். இசை மேலே ஏறி வருகிறது. கீழே இறங்கிப் போவதில்லை. ஹட்டனிலிருந்து ஒரு குழு கொழும்புக்குப் போய்த் தன் பாட்டை வாசித்து வந்தது என்று யாராவது சொன்னால் அன்று இனிப்பு வாங்கிக் கொடுப்பேன்.

மலையில் இருப்பதால் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. கண்டியில் 2001 அளவில் தொடங்கிய பரனொய்ட் ஏர்த்லிங் என்ற ரொக் குழு சொந்தப் பாட்டோடு நாடறிய வாசித்தது. கண்டி நகரம், ஆங்கிலம், அங்கே ஒரு வட்டம் ஏற்கெனவே இருந்தது. உயரம் தடையல்ல என்பதற்கு அது சாட்சி. வேறு என்ன தடை என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

✻

லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ட்ரம்ஸ் வைத்தால் ஆள் வெளியே நிற்கவேண்டும். இஸ்தோப்பில் வைத்தால் அடுத்த காம்பராவில் அம்மா காலை ஆறு மணிக்கு எழுந்து கொழுந்துக்குப் போகவேண்டியவர். யார் மனம் வரும் அடிக்க? பள்ளி மண்டபம் கேட்டால் கடிதம், கையொப்பம், பொறுப்பு யார் என்ற விசாரணை. கடைசியில் பாழடைந்த பிள்ளைக்காம்பராவோ, தொழிற்சங்கக் கட்டடத்தின் பின்னறையோ கிடைக்கும்.

தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது 2021இல். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350. மின்கிட்டார் ஒன்றுக்கு எத்தனை நாள் பேர் போடவேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள், அம்ப்ளிஃபயர் தனி.

இதையெல்லாம் தாண்டிக் குழு கூடினாலும், ஒருவர் வெள்ளவத்தைக் கடையில் வேலை, ஒருவர் கட்டாரில், ஒருவர் தோட்டத்தில். தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா ஆகிய மூன்று நேரங்களில்தான் எல்லோரும் ஓரிடத்தில் இருப்பார்கள்.

✻

வேலையும் இசையும் ஒன்றாக நடக்காது என்பதற்கு எதிரான சாட்சி பெங்களூரின் அகம் குழு. 2003இல் தொடங்கினார்கள். பாடகரும் வயலின்காரருமான ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தபடியே பாடியவர். மற்றவர்களும் பெரும்பாலும் அலுவலகக்காரர்கள். 2007இல் சன் தொலைக்காட்சியில் ஏ. ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த 'ஊ ல ல லா' போட்டியில் வென்றார்கள். அந்தப் பெயரை வைத்து அடுத்த மாதமே அல்பம் போட்டிருக்கலாம். போடவில்லை. முதல் அல்பம் 'த இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' 2012இல். தொடங்கி ஒன்பது ஆண்டு! இரண்டாவது 'ஏ ட்ரீம் டு ரிமெம்பர்' 2017.

தியாகராஜர் கீர்த்தனையை எடுத்து புரோகிரசிவ் ரொக் உடம்பில் ஏற்றுவது அவர்கள் வழி. சில இடங்களில் கிட்டார் அலங்காரம் அதிகம் என்பது என் கருத்து. கீர்த்தனை மூச்சு வாங்குகிறது. ஆனால் மேடையில் பார்க்கும்போது அந்தக் குறை கரைந்துவிடுகிறது. பதிவில் அடுக்கடுக்காகத் தெரிவது அங்கே ஒரே ஓட்டமாகக் கேட்கிறது. கல்லூரி விழா, திறந்தவெளி, அரங்கம் என்று வாராவாரம் வாசித்த கை அது.

அவர்களுக்கு இருந்தது, நமக்கு இல்லாதது: சனி ஞாயிறு. இன்னொன்று, எட்டு மணி நேரப் பயணத்துக்குள் பத்து நகரங்கள், ஒவ்வொன்றிலும் சொந்தப் பாட்டைக் கேட்கத் தயாரான ஒரு மண்டபம்.

✻

நமக்குச் சுற்று இல்லை என்று சொல்வது தவறு. மலையகத்தில் இசை எப்போதும் நடந்தே வளர்ந்தது.

மாசியில் காமன் கூத்து. கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் எரிந்து உயிர்க்கும் வரைக்கும் அது லயம் லயமாக நடக்கும். ரதி மதன் வரும்போது வாசலில் தட்டோடு நிற்பார்கள். தப்பின் அடி கதையின் கட்டத்துக்குத் தக்கபடி மாறும், வேகம் மாறும், எரிப்பு நெருங்கும்போது அடிக்கிறவர் கண்ணே மாறியிருக்கும். ஒரு தோட்டத்துக் காமனும் பக்கத்துத் தோட்டத்துக் காமனும் ஒன்றல்ல. ஒவ்வொரு வாத்தியாரும் தன் பங்குக்கு ஏதோ சேர்த்திருப்பார், ஏதோ விட்டிருப்பார். யாரும் 'அல்பம்' போடாத, ஆண்டுதோறும் திருத்தப்படுகிற நெடும் பாட்டு அது. பத்து நிமிடப் பாட்டைக் கேட்க நம் சனத்துக்குப் பொறுமை இருக்காது என்கிறவர்கள், காமன் எரியும் இரவில் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்கவேண்டும்.

தப்பைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. சாவுக்கும் சாமிக்கும் ஒரே கைதான் அடித்தது, பிரட்டுக்கு ஆளை எழுப்பியதும் அந்தக் கைதான். ஆனால் அடித்தவரை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினோம். இன்று படித்த பையன்களும் பெண்களும் மேடையில் தப்பு எடுக்கிறார்கள். மெட்டல் குழு ஒன்று இங்கே உருவானால் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் தப்பை அலங்காரமாக நிறுத்தாமல், அந்த வாத்தியாரையே உட்காரவைத்து அடியைக் கேட்டு அதிலிருந்து பாட்டைக் கட்டவேண்டும். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் முதலில் வரட்டும்.

✻

மீனாட்சி அம்மை. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார். 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடியவர். தோட்டம் துரைமாரின் தனிநிலம். வெளியாள் உள்ளே கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம். அந்த நாளில் ஒரு பெண் மேடையேறி, சனத்துக்குத் தெரிந்த மெட்டில் புதுச் சொல் வைத்துப் பாடினார். இந்திய வம்சாவளியினரை நாட்டை விட்டு அனுப்பும் பேச்சு உரத்து எழுந்தபோது அவருடைய பாட்டுகள் அதற்குப் பதில் சொன்னன. 1940இல் சிறு நூலாகவும் அச்சாகின.

அந்தப் பாட்டுகள் பரவியது ஒலிபரப்பாலோ இசைத்தட்டாலோ அல்ல. கூட்டம் நடந்த இடத்திலெல்லாம் பாடினார், கேட்டவர்கள் வேலை மலைக்கு எடுத்துப் போனார்கள். சுற்றுப்பயணத்தால் வளர்ந்த இசை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் மலையகத்தில் முதலில் எழுதவேண்டிய பெயர் இவருடையது. அவர் பாடியது புதுப் பாட்டு என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

✻

இப்போது உள்ள சுற்று: கோயில் திருவிழா. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மாரியம்மன், ஒவ்வொரு மாரியம்மனுக்கும் ஒரு தேர், தேர் முடிந்த இரவு ஓர் இசை நிகழ்ச்சி. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, லிந்துலை, இராகலை. இவ்வளவு நெருக்கமாக மேடைகள் உள்ள பிரதேசம் இலங்கையில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். கேட்பவர் டிக்கெட் வாங்கத் தேவையில்லை. வாசிப்பவருக்குச் சாப்பாடு நிச்சயம். ஒரு புதுக் குழுவுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமையாது.

ஆனால் வரிசை முன்பே எழுதப்பட்டுவிட்டது. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, டி. எம். எஸ்., எஸ். பி. பி., இளையராஜா, பிறகு குத்து, நடுவில் கொஞ்சம் பைலா. கூட்டத்திலிருந்து துண்டுத்தாளில் விருப்பப் பாடல் வரும். இந்தக் குழுக்களில் எனக்குத் தெரிந்த பேஸ் வாசிப்பவர்கள் சிலர் உண்மையிலேயே திறமைசாலிகள். ராஜாவின் பேஸ் கோடுகளைக் காதால் பிடித்து வாசிப்பது விளையாட்டல்ல. அந்தக் கை இருபது ஆண்டாக இன்னொருவர் கோட்டையே வாசித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு திருவிழா ஏற்பாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். இளைஞன் ஒருவன் கேட்டான்: "தலைவரே, நாங்க ஒண்ணு போட்டு வச்சிருக்கோம், கடைசில ஒரு பாட்டு..." தலைவர் கோபக்காரர் இல்லை. முற்பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்: "தம்பி, சொந்தப் பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும். சனம் எந்திரிச்சுப் போயிரும். அப்புறம் எங்களைத்தான் ஏசும்."

சனம் எழுந்து போகட்டும் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. எந்த இடத்தில் எழுந்தது என்று பார்த்தால்தான் அடுத்த தோட்டத்தில் அந்த இடத்தைச் சரிசெய்ய முடியும். லண்டன் மண்டபத்துக்கும் லிந்துலைக் கோயிலடிக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

✻

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: இப்போது வீட்டிலேயே மடிக்கணினியில் பாட்டு செய்து இணையத்தில் போட்டுவிடலாமே, மேடை எதற்கு? செய்யலாம். ராப் அப்படித்தான் நம் பையன்களிடம் வந்தது; ஒரு மைக்கும் ஒரு சொல்வேகமும் போதும் என்பதால் லயத்துக் காம்பராவுக்குள்ளும் அடங்குகிறது. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும் இசை தனியறையில் முதிராது. பார்வை எண்ணிக்கை ஆயிரம் காட்டும். யார் எந்த நொடியில் விலகினார் என்று முகம் காட்டாது.

✻

மொழி பற்றி ஒரு வரி. ஸ்டிக்மாட்டா ஆங்கிலத்தில் பாடுகிறது. அதனால் அதற்கு மாலைதீவு போன்ற வெளியூர் மேடைகள் திறந்தன. நம்மிடமிருந்து வரும் குழு தமிழில் பாடினால் அதற்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருச்சி, சென்னை, கோலாலம்பூர், டொராண்டோ இருக்கின்றன. கதைக்கும் பஞ்சமில்லை: மண்சரிவு, கடன், பிரிந்த குடும்பம், வெளிநாடு போன தாய். இவற்றை மூன்று நிமிடச் சோகப் பாட்டாக நிறையவே கேட்டாயிற்று. பன்னிரண்டு நிமிடம், நடுவில் கோபம், முடிவில் சமாதானம் இல்லாத ஒன்றைக் கேட்க ஆசை.

✻

மாசி தொடங்கிவிட்டால் திருவிழாக் குறிப்பேடு நிறையத் தொடங்கும். கோயில் பரிபாலன சபைத் தலைவர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். இசைக்குழு பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். இரவில் இருபத்தைந்து பாட்டு என்றால் இருபத்துமூன்று உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். இரண்டு அவர்கள் சொந்தப் பாட்டாக இருக்கவேண்டும் என்று முற்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளாமல், கூட்டம் நிறைந்திருக்கும் ஒன்பதரை மணிக்கு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே குழுவைக் கூப்பிட்டு, அதே இரண்டு பாட்டையும் மறுபடி கேளுங்கள்.